கடதாசியின் குறையும் படத்தின் உண்மையும்

கலைப் படைப்பொன்றை மதிப்பிடப் புகும்போது நாம் அதன் உள்ளடக்கத்தைப் பற்றிப் பேசுகின்றோம். உருவத்தைப் பற்றிப் பேசுகின்றோம். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள உறவைப் பற்றி ஓயாது வாதிடுகின்றோம். ஆனால் அப்படைப்பு எந்தப் பொருளின்மீது நிலைகொண்டிருக்கின்றதோ அந்தப் பொருளைப் பற்றி நாம் பேசுவது அரிது. இலக்கியத்தைப் பொறுத்தவரை இதற்கு ஒரு நியாயம் உண்டு. நல்ல கவிதையொன்று மலிவான பத்திரிகைத் தாளில் அச்சானாலும் நல்ல கவிதையாகவே இருக்கும். தாளிலுள்ள கறையொன்று ஓரெழுத்தை மறைத்துவிட்டால், யாப்பும் பொருளும் அறிந்த வாசகன் அதனைத் தானே நிரப்பிக்கொள்வான். செல்லரித்த ஏடுகளில் விடுபட்ட சீர்களைப் பதிப்பாசிரியர்கள் அவ்வாறுதான் உய்த்துணர்ந்தனர்.

நிழற்படத்தின் நிலை வேறு. அங்கே மேற்பரப்பே மொழியாகும். தாளின் ஒவ்வோர் இடத்திலும் உள்ள கருமையும் வெண்மையும் உலகிலுள்ள ஏதோவொன்றைப் பற்றிய கூற்றாக நிற்கின்றன. கருமையின் நடுவே வெண்புள்ளியொன்று வீழ்ந்திருக்குமானால், அங்கே ஒளிபட்ட பொருளொன்று இருந்தது என்றே படம் நமக்குக் கூறுகின்றது. அப்படி ஒரு பொருள் அங்கே இருந்ததில்லையெனில் படம் பொய் கூறுகின்றது. அப்பொய்யைக் கூறியவர் நிழற்படக் கலைஞருமல்லர்; படத்திலுள்ள மனிதருமல்லர். கடதாசி கூறிய பொய் அது.

'நுண்கலைத் தாள்' என்ற பெயருடன் விற்கப்படும் இங்க்ஜெற் அச்சுக் கடதாசிகளின் மேற்பரப்புக் குறைகளை இக்கட்டுரைக்குப் பொருளாக எடுத்துக்கொள்கின்றோம். இது தொழில்நுட்பம் அறிந்தோர் தம்முள் பேசித் தீர்க்கவேண்டிய சிறு விடயம் என்று சிலர் நினைக்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. கண்காட்சிச் சுவர்களில் இன்று தொங்கும் நிழற்படங்களிற் பெரும்பகுதி இத்தகைய தாள்களிலேயே அச்சாகின்றது. உழைக்கும் மக்களின் வாழ்வைச் சாட்சியப்படுத்தும் படங்களும் அவற்றுள் அடங்கும். ஆதலால் தாளின் குறை எப்படித் தோன்றுகின்றது, அதன் சுமையை யார் தாங்குகின்றனர், அது படத்தின் உண்மையை என்ன செய்கின்றது என்னும் மூன்று கேள்விகளும் திறனாய்வுக்குரிய கேள்விகளே.

* * *

முதலில் இத்தாள் யாது என்பதைக் காண்போம். உயர்ந்த விலையில் விற்கப்படும் வகைகளின் அடித்தாள் பருத்தியாற் செய்யப்படுவது. பஞ்சைக் கடைந்து நீண்ட இழைகளை நெசவுக்கு எடுத்தபின் விதையின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் குறும் இழைகளே இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன. சற்று விலை குறைந்தவை மரக்கூழிலிருந்து பிரித்துத் தூய்மை செய்த செலுலோசினால் ஆனவை. சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 300 கிராம் நிறையுள்ள தடித்த தாள்களே இவ்வகையிற் பெருவழக்கு. ஆயினும் இவ்வடித்தாள்மீது நேரே அச்சிட்டால் மை ஊறிப் பரவிவிடும். எனவே அதன்மேல் ஒரு பூச்சு இடப்படுகின்றது. மிக நுண்ணிய சிலிக்கா முதலிய கனிமத் துகள்களைப் பொலிவைனைல் அல்ககோல் போன்ற பசையினாற் பிணைத்து இடுவது அப்பூச்சு. துகள்களுக்கு இடையேயுள்ள நுண்துளைகள் மையின் நீரை உறிஞ்சிக்கொள்ள, நிறத்துகள்கள் மேலேயே தங்கிவிடுகின்றன. பளபளப்புள்ள 'பறைற்றா' வகைகளில் அடித்தாளுக்கும் இப்பூச்சுக்கும் இடையே பேரியஞ் சல்பேற்றுப் படையொன்றும் இருக்கும்.

அச்சுப்பொறி சில பிக்கோலீற்றர் அளவுள்ள துளிகளை இப்பூச்சின்மீது எறிகின்றது. ஒரு பிக்கோலீற்றர் என்பது ஒரு லீற்றரின் இலட்சங்கோடியில் ஒரு பங்கு. ஆகவே நாம் படமென்று பார்ப்பது, சுண்ணாம்பு பூசிய சுவரின்மேற் படிந்த வண்ணத்தைப் போல, மிக மெல்லிய ஒரு பூச்சின் மேற்புறத்திலே தங்கிநிற்கும் நிறப்படிவே. அப்பூச்சு எங்கே சிதைகின்றதோ அங்கே படமும் சிதைகின்றது.

குறைகள் பலவகைப்படும். பூச்சுக் குழம்பில் இருந்த காற்றுக் குமிழி உடைந்து விட்டுச்சென்ற ஊசிமுனைக் குழி ஒன்று. பூச்சு இடும் பொறியிற் சிக்கிய துகள் தாளின் நீளம் முழுவதும் இழுத்துச் சென்ற கோடு மற்றொன்று. பருத்தி விதையின் தோற்சிராய் கூழிலே தப்பியிருந்து பழுப்புப் பொட்டாகத் தோன்றுவது இன்னொன்று. தாளைத் தூக்கும்போது விரலருகே மடங்கினால் பிறைவடிவிற் பூச்சு வெடித்து நிற்கும். ஈரக்காற்றினால் ஓரம் சுருண்ட தாள் அச்சுத்தலையில் உராய்ந்து மைத் தீற்றலைப் பெறும். கடற்கரை நகரங்களில் வாழும் நம்மவர்க்கு இது பழகிய தொல்லை. பளபளப்பான தாளிற் பொறியின் பற்சில்லுகள் வரிசையாகப் பதிந்துவிடுவதும் உண்டு. மங்கலான தாளில் நிறத்துகள்கள் காப்பின்றி மேலேயே இருப்பதால், வேறொரு தாள் அதன்மேல் நழுவினாற்கூடக் கரும்பகுதிகள் தேய்ந்து மினுங்கும்.

இவற்றுள் மிகவும் வஞ்சகமானது பஞ்சுத் துணுக்கு. தாளை வெட்டும்போது வெட்டுவாயிலிருந்து உதிரும் இழைத்தூசியும் பூச்சுச் செதிலும் தாளின்மேற் படிகின்றன. வெள்ளைத் தாளின்மேல் வெள்ளைத் துணுக்குக் கிடப்பதால் அச்சிடுவதற்கு முன் கண்ணுக்குத் தெரிவதில்லை. அச்சிடும்போது மைத்துளிகள் அத்துணுக்கின்மேல் விழுகின்றன; துணுக்கும் நிறம்பெற்றுப் படத்தோடு படமாகிவிடுகின்றது. அப்போதும் ஒன்றும் தெரிவதில்லை. பின்னர் ஒருநாள், தாளை எடுத்து வைக்கும்போதோ சட்டமிடும்போதோ துணுக்கு உதிர்கின்றது. அது மறைத்திருந்த இடத்தில் மைபடாத வெள்ளைத் தாள் வெளிப்படுகின்றது. அச்சிட்டவர் சரிபார்த்தபோது குறை இல்லை. வாங்கியவர் வீட்டிலே குறை இருக்கின்றது. இதற்குப் பொறுப்பாளர் யார்?

* * *

இக்கேள்விக்கு விடை காண, நிழற்படக் கடதாசியின் வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்த்தல் வேண்டும். குறை புதியதன்று. அதனை நீக்கும் வேலை யார் கையில் இருந்தது என்பதே காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் உலகில் வழங்கிய நிழற்பட அடித்தாளில் மிகப் பெரும்பகுதியை இரண்டே ஆலைகள் செய்தன. ஒன்று பிரான்சின் றீவ் என்னும் ஊரிலும், மற்றொன்று அன்று புரூசியாவுக்கு உரியதாய் இன்று பெல்ஜியத்தைச் சேர்ந்ததாயுள்ள மால்மெடி என்னும் ஊரிலும் இருந்தன. அக்காலத்துத் தாளுக்கு மூலப்பொருள் கந்தைத் துணி. துணியிலே பொத்தான்களும் கொளுக்கிகளும் இருக்கும். அவற்றின் உலோகத்தூள் கூழிற் கலந்துவிட்டால், வெள்ளி உப்புப் பூசிய தாளில் அது கரும்புள்ளியாக வெளிப்படும். எனவே கந்தைகளை ஒவ்வொன்றாக விரித்து, பொத்தானை அறுத்து, தையலைப் பிரித்து, கறைபட்ட துண்டை ஒதுக்கும் வேலை இன்றியமையாததாயிற்று. கடதாசி ஆலைகளில் அவ்வேலையைச் செய்தோர் பெரும்பாலும் பெண்கள். கந்தையின் தூசியைச் சுவாசித்தபடி நாள்முழுதும் நின்ற அப்பெண்களின் கண்களும் விரல்களுமே கனவான்களின் உருவப்படங்களைக் கரும்புள்ளியின்றிக் காத்தன.

முட்டை வெண்கரு பூசிய அல்புமின் தாளின் கதையும் இத்தகையதே. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் அத்தொழிலின் தலைநகராக விளங்கிற்று. 1888ஆம் ஆண்டில் அந்நகரத்து ஆலையொன்று மட்டும் அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட முட்டைகளைப் பயன்படுத்தியது. முட்டையை உடைத்து வெண்கருவைப் பிரித்தவர்களும், புளித்த வெண்கருத் தொட்டிகளிலே தாளைக் குமிழியின்றி மிதக்கவிட்டு எடுத்தவர்களும் பெண் தொழிலாளர்களே. ஒரு குமிழி தப்பினால் ஒரு வெண்பொட்டு. மேற்பரப்பின் ஒழுங்கு என்பது அவர்களுடைய கைப்பழக்கத்தின் மறுபெயராக இருந்தது. படத்தின் கீழே நிழற்படக் கலைஞரின் பெயர் பொறிக்கப்பட்டது. அப்பெண்களின் பெயர் எங்கும் இல்லை.

இன்றைய ஆலையில் பூச்சை இடுவது பொறி. ஓடும் தாளைச் சோதிப்பதிற் பொறியின் கண்ணுக்கும் பங்குண்டு. இது முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. கந்தைத் தூசியில் மனிதரை நிறுத்தும் பழைய முறை திரும்பி வரவேண்டுமென்று எவரும் விரும்பார். ஆனால் ஆலையிலிருந்து நீங்கிய சோதனை வேலை முற்றாக மறைந்துவிடவில்லை என்பதை நாம் கவனித்தல் வேண்டும். அதன் ஒரு பகுதி வேறிடத்துக்குப் பெயர்ந்திருக்கின்றது. இன்று தாளின் கடைசிச் சோதகர், அதனைக் காசு கொடுத்து வாங்கிய சிறு அச்சகத்தாரும் நிழற்படக் கலைஞருமே. பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு தாளையும் பக்கவாட்டு ஒளியிலே சாய்த்துப் பார்த்து, அகன்ற மெல்லிய தூரிகையினால் துடைத்து, அதன்பின்னரே பொறியில் இடவேண்டும் என்பது இத்தொழிலின் எழுதாத விதியாகிவிட்டது. கூலியில்லாத வேலை இது.

நட்டக் கணக்கையும் பார்ப்போம். குறையுள்ள தாளைத் திருப்பி அனுப்பினால், நல்ல வணிகர் வேறு தாள் தருவார். ஆனால் குறை தெரியவந்தது அச்சிட்ட பின்னர். தாளோடு மையும் போயிற்று. பொறி ஓடிய நேரமும் போயிற்று. அச்சிட்டவரின் அரைநாள் உழைப்பும் போயிற்று. மாற்றுத்தாள் இவற்றுள் எதனையும் ஈடுசெய்யாது. பெரிய நிறுவனம் இந்நட்டத்தைத் தன் விலையில் ஏற்றிவிடும். தனியொருவராய்த் தொழில் செய்பவர் தன் வயிற்றில் ஏற்றிக்கொள்வார்.

வாங்குபவரே சோதகராகும் இந்நிலைக்கு 2000ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்று தெளிவான சான்று. அவ்வாண்டில் எப்சன் நிறுவனத்தின் சில அச்சுப்பொறிகளால், நுண்துளைப் பூச்சுள்ள ஒருவகைப் பளபளப்புத் தாளில் அச்சிட்ட படங்கள், சிலருடைய வீடுகளிற் சில வாரங்களுக்குள்ளேயே செம்மஞ்சள் நிறத்துக்கு மாறின. ஒளியினால் நிறம் மங்குவதை ஆய்வுகூடங்கள் அளந்திருந்தன; காற்றிலுள்ள ஓசோன் அத்துளைகளூடே புகுந்து நீலச்சாயத்தை அழிக்கும் என்பதை உரியவாறு கணக்கில் எடுக்கவில்லை. மையை விரைவாக உலரச் செய்த அதே நுண்துளைகளே காற்றுக்கும் வழிவிட்டன. அதனைக் கண்டுபிடித்தவர்கள் வீட்டுச் சுவரிற் படத்தை மாட்டிய வாடிக்கையாளர்கள்.

* * *

இனி, 'நுண்கலை' என்னும் பெயரை நோக்குவோம். தாளின் பெட்டிமேல் அச்சொல் ஏன் வந்தது? 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே நாஷ் எடிஷன்ஸ் என்னும் அச்சகம் நிறுவப்பட்டது. அச்சுத்தொழிலில் முன்மாதிரிப் படிகள் எடுப்பதற்கென ஆக்கப்பட்டிருந்த ஐரிஸ் பொறியை அவ்வச்சகத்தார் கலைப் படங்களை அச்சிடப் பயன்படுத்தினர். கணினி அச்சு என்றாற் கலை வாங்குவோர் முகம் சுளிப்பர் என்றெண்ணி, அங்கே பணிபுரிந்த ஜக் டுகான் என்பவர் அதற்கு 'ஜிக்ளே' என்ற பிரெஞ்சுச் சாயலுள்ள பெயரை ஆக்கினார். பீச்சுதல், தெளித்தல் என்னும் பொருளுள்ள வினையிலிருந்து பிறந்த சொல் அது. பொறி பொறியாகவே இருந்தது. பெயர் மட்டும் கலைக்கூடத்துக்கு ஏறிற்று.

பெயர்சூட்டுவதை நாம் பழிக்கவில்லை. புதிய கருவிக்குப் புதிய பெயர் வேண்டியதே. எனினும் இப்பெயர்கள் வணிகத்தில் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதைப் பார்க்கவேண்டும். விற்கும் வேளையில் இத்தாள் நூற்றாண்டுகளின் கைவினை மரபிலே வந்ததாகப் பேசப்படுகின்றது; அதற்கேற்ற விலையும் வைக்கப்படுகின்றது. குறை சுட்டிக்காட்டப்படும் வேளையிலோ, பருத்தி இயற்கைப் பொருள், இயற்கைப் பொருளிற் சிறு வேறுபாடு தவிர்க்கவியலாதது என்று விளக்கம் வருகின்றது. முன்னதில் இயற்கை ஒரு சிறப்பு. பின்னதில் அதே இயற்கை ஒரு சாட்டு. விதைச்சிராய் இயற்கையானது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பூச்சிலுள்ள குழியும் பொறி இழுத்த கோடும் எந்தப் பருத்திச் செடியில் விளைந்தன? அவை ஆலையில் விளைந்தவை. ஆலையின் குறையை இயற்கையின் தலையில் ஏற்றுவது கருத்து மயக்கம். அம்மயக்கத்தாற் பயன்பெறுவோரும் உளர்.

இவ்விடத்தில் இருவகைத் தவறான நோக்குகளை நாம் எதிர்கொள்கின்றோம். குறையே அழகு என்பது முதலாவது. கறையிலும் வெடிப்பிலும் ஆன்மிக அமைதி காணும் சிலர், குறையுள்ள படத்தையும் அவ்வாறே ஏற்கச் சொல்கின்றனர். மேற்பரப்பிலே குண்டூசி முனையளவு பிழையும் இருத்தலாகாது என்பது இரண்டாவது. வரையறுத்த படிகளென்று எண்ணிட்டு விற்கும் சந்தையிலிருந்து பிறந்தது இந்நோக்கு. ஒரு நிழற்பட எதிர்மறையிலிருந்து எத்தனையோ படிகள் எடுக்கலாம் ஆதலால் 'அசற்படி எது' என்று கேட்பதிற் பொருளில்லை என்று ஜெர்மனியத் திறனாய்வாளர் வால்ற்றர் பெஞ்சமின் 1930களிலேயே சுட்டிக்காட்டினார். சந்தையோ எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி, மேற்பரப்பைத் தொடக்கூடாத புனிதமாக்கி, அசற்படியின் மாயத்தை மீண்டும் உருவாக்கிக்கொண்டது. முதலாம் நோக்கு உண்மையை அசட்டை செய்கின்றது. இரண்டாம் நோக்கு உண்மையைப் பொருட்படுத்தாது பண்டத்தை வழிபடுகின்றது.

இவ்விரண்டையும் விட்டு வேறொரு அளவுகோலைத் தேடுவோர்க்கு யூலியா மார்கரெற் கமரனின் வாழ்வு உதவுகின்றது. 1815இற் கல்கத்தாவிற் பிறந்து, ஏறத்தாழ நாற்பத்தெட்டு வயதில் இங்கிலாந்திலே கமராவைக் கையிலெடுத்த இவ்வம்மையார், 1875இல் கணவரின் கோப்பித் தோட்டங்களை நாடி இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே மறைந்தார். களுத்துறைக் குடியானவர்களையும் தோட்டத் தொழிலாளரையும் அவர் படம்பிடித்தார். அவருடைய படங்களிலே இரசாயனம் ஓடிய கோடுகளும் விரற்சுவடுகளும் சுழிகளும் காணப்படுகின்றன. அக்கால நிழற்படச் சங்கத்தார் இவற்றைக் காட்டி ஏளனம் செய்தனர்; அவர் பொருட்படுத்தவில்லை. தன் கை வேலைசெய்த தடயங்களை அவர் அழிக்க விரும்பவில்லை. ஆனால் தன் எதிர்மறைகளின் மேற்பூச்சுத் தேன்கூடுபோல் வெடித்துப் படங்கள் பாழாகத் தொடங்கியபோது, 1869இல் அதே சங்கத்தின் முன் சென்று காரணமும் பரிகாரமும் கேட்டார்.

இவ்விரு செயல்களுக்கும் இடையே முரண்பாடு இல்லை. தன் உழைப்பிற் பிறந்து, தான் கண்டு, தான் ஏற்றுக்கொண்ட குறை படைப்பின் பகுதி. பொருளின் கேட்டினால், தன் அறிவுக்கும் விருப்பத்துக்கும் புறம்பாக வந்து வீழ்ந்த குறை படைப்பின்மேல் நிகழ்ந்த ஊறு. கலைஞர் ஒருவர் வேண்டுமென்றே கரடுமுரடான தாளைத் தேர்ந்து, அதன் இழைகள் படத்திலே தெரியுமாறு அச்சிடுவாராயின் அதனைக் குறையென்று கூறும் திறனாய்வாளன் பேதை. மாசற்ற கருமையை நாடித் தாள் வாங்கிய கலைஞரின் படத்திலே வெண்புள்ளி வீழ்ந்திருக்க, அதனை அழகென்று கூறுபவனோ அவரது நோக்கத்தையே களவாடுகின்றான்.

* * *

நோக்கம் மட்டும் போதுமா? படம் ஒரு சாட்சியமாக அமையும்போது அளவுகோல் இன்னும் கடுமையாகின்றது. லூயிஸ் ஹைனின் படங்களைக் கொண்டு இதனை விளக்குவோம்.

1908ஆம் ஆண்டுமுதல் ஹைன் அமெரிக்கத் தேசியச் சிறுவர் உழைப்புக் குழுவுக்காகப் பஞ்சாலைகளையும் சுரங்கங்களையும் நாடிச் சென்று, அங்கே வேலை செய்த சிறுவர் சிறுமியரைப் படம்பிடித்தார். அவ்வாண்டில் தென் கரோலைனாவின் லங்காஸ்ரர் நகரத்துப் பஞ்சாலையில் அவர் எடுத்த படமொன்று உலகப் புகழ்பெற்றது. நீண்டு செல்லும் நூற்புப் பொறியின் அருகே சின்னஞ்சிறு சிறுமி ஒருத்தி நிற்கின்றாள். பொறியின் நீளமே அவளுடைய வேலைநாளின் நீளத்தைக் கூறிவிடுகின்றது. ஹைன் படமெடுப்பதோடு நிற்கவில்லை. தம் மேற்சட்டையின் பொத்தான்களை அளவுகோலாகக் கொண்டு பிள்ளைகளின் உயரத்தைக் கணித்தார். பெயர், வயது, வேலைசெய்த காலம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டார். தம்முடைய சாட்சியத்திற் சிறு பிழை காணப்பட்டாலும் ஆலை முதலாளிகள் முழுவதையும் பொய்யென்று தள்ளிவிடுவர் என்பதை அவர் அறிந்திருந்தார். 1916இல் நிறைவேறிய சிறுவர் உழைப்புச் சட்டத்தை 1918இல் உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. 1938இலேயே நிலையான சட்டம் வந்தது. அந்நீண்ட போராட்டத்தில் இப்படங்கள் ஆயுதமாக நின்றன.

அக்குழுவுக்கென ஹைன் எடுத்த ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன. அவற்றின் எண்ணியற் பிரதிகளை எவரும் பெறலாம். நல்ல அச்சுப்பொறி உடைய ஆசிரியர் எவரும் தம் பாடசாலைச் சுவரில் அவற்றை மாட்டலாம். கலை மக்களுக்குரியதாகும் வழிகளுள் இதுவும் ஒன்று. இனி, அப்பஞ்சாலைப் படத்தைப் பருத்தித் தாளில் அச்சிடுகின்றோம் என்று வைத்துக்கொள்வோம். பஞ்சாலை என்பது பஞ்சுத் தூசி பறக்கும் இடம். தரையிலும் உடையிலும் தலையிலும் அது படியும். நுரையீரலிற் படிந்து, ஆண்டுகள் சென்றபின் மூச்சை அடைக்கும் தீராத நோயைத் தரும். எனவே ஹைனின் ஆலைப் படங்களிலே இருண்ட தரையிற் சிதறிய ஒவ்வொரு வெண்துணுக்கும் ஒரு வாக்குமூலம். அவ்வறையின் காற்றைப் பற்றிய சாட்சியம்.

அதே இருண்ட தரையின்மீது நம் தாளிலிருந்து பஞ்சுத் துணுக்கொன்று உதிர்ந்து வெண்புள்ளியை விட்டுச்செல்கின்றது. பார்ப்பவர் எதனை எதிலிருந்து பிரித்தறிவார்? இந்த வெண்மை 1908இல் அவ்வாலையிற் கிடந்த பஞ்சா, நேற்று நம் பெட்டியிலிருந்து வந்த பஞ்சா? சிறுமியின் கன்னத்திலே புள்ளி வீழ்ந்தால் அது தூசியா, தழும்பா? இங்கே குறை அழகைக் கெடுப்பதோடு நிற்கவில்லை, சான்றிலே கைவைக்கின்றது. ஆகவே தாளைத் துடைத்துப் பார்த்து அச்சிடும் சிறு வேலையும் இத்தகைய படத்தைப் பொறுத்தவரை நேர்மையின் பகுதியாகின்றது.

கடதாசி பொய்யுரைக்கவும் கூடும், பொய்யை வெளிப்படுத்தவும் கூடும் என்பதற்கும் ஹைனின் படங்களே உதாரணம். ஹைன் 1940இல் வறுமையில் இறந்தார். 1990களில் அவருடைய படிகளுக்குச் சந்தையில் உயர்ந்த விலை கிடைக்கத் தொடங்கியபோது, அவரே அச்சிட்டவை எனக் கூறப்பட்ட சில படிகள்மீது ஐயம் எழுந்தது. நிழற்படப் பாதுகாப்பாளரான போல் மெசியர் அத்தாள்களை ஆராய்ந்தார். தாளை வெண்மையாகத் தோற்றச் செய்யும் ஒளிர்பொருள் அவற்றில் இருந்தது. நிழற்படத் தாளில் அப்பொருள் வழக்குக்கு வந்தது 1950களிலேயே. இறந்தவர் அச்சிட்டிருக்க முடியாது. வாழ்நாளிற் பசித்திருந்த கலைஞனின் பெயர் இறந்தபின் பிறர்க்குப் பொருளீட்டித் தந்தது; அதனைக் காட்டிக்கொடுத்தது தாள். அத்தகைய ஒளிர்பொருள் இன்றும் பல இங்க்ஜெற் தாள்களிற் சேர்க்கப்படுகின்றது. நாட்செல்ல அது வலுவிழந்து தாள் மஞ்சளாகும் என்பதை வாங்குவோர் அறிந்திருத்தல் நன்று.

* * *

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வருகின்றோம்.

வெண்புள்ளியை நுண்ணிய தூரிகையால் நிறமிட்டு நிரப்புவது பழைய வழக்கம். இருட்டறைக் காலத்திலும் இருந்தது. அது நேர்மையற்றது என்று சிலர் கருதுகின்றனர். தாள் உண்டாக்கிய வெறுமையை அதன் அயலிலுள்ள நிறத்தால் நிரப்புவது, எதிர்மறையிலோ கோப்பிலோ உள்ளதை மீட்டுத் தருவதேயாகும். ஆலைத் தரையிற் கிடந்த உண்மையான பஞ்சை அதே தூரிகையால் மறைப்பது பொய்ச்சாட்சி. கையும் கருவியும் ஒன்றே; செயல்கள் வெவ்வேறு. எனவே திருத்துபவர் மூலப்படத்தை அருகில் வைத்து ஒப்புநோக்கியே திருத்தவேண்டும். பெருங்குழியோ வெடிப்போ ஆயின் நிரப்ப முயலாது அத்தாளைக் கழித்துவிடுவதே முறை.

ஆக்குவோரிடம் நாம் கேட்பதும் மிகையானதன்று. எவ்வளவு குறைவரை ஏற்கத்தக்கது என்னும் தம் அளவுகோலை அவர்கள் வெளிப்படையாக அறிவிக்கட்டும். பெட்டிமேல் தொகுதி இலக்கம் தெளிவாக இருக்கட்டும். ஒரு தொகுதியிற் குறை கண்டால் அத்தொகுதியை வாங்கிய யாவருக்கும் அறிவிக்கட்டும். ஆலையின் குறையால் அச்சு பாழானது உறுதியாயின், தாளோடு மைக்கும் உழைப்புக்கும் ஈடு தரட்டும். 'நுண்கலை' என்ற சொல்லுக்கு வாங்கும் விலையில் இப்பொறுப்பும் அடங்கும். அச்சிடுவோரும் தம் தொகுதி இலக்கங்களைக் குறித்துவைத்து, தனித்தனியே முறையிடாது ஒன்றுசேர்ந்து முறையிடுவாராயின், சிறியோரின் குரலுக்கும் நிறை உண்டாகும்.

திறனாய்வாளர்க்கும் ஒரு கடமை உண்டு. நிழற்படக் கண்காட்சியைப் பற்றி எழுதும் நம்மவர் பலர் படத்தின் கருத்தைச் சொல்லிச் சில போற்றுரைகளோடு முடித்துவிடுகின்றனர். படத்தின் அருகே சென்று, தாள் யாது, அது இப்படத்துக்குப் பொருந்துகின்றதா, மேற்பரப்பில் உள்ளவை எடுத்தவரின் கைத்தடமா அன்றி ஆலையின் கழிவா என்று பார்த்து எழுதுவோர் சிலரே. ஓவியத்திலே தூரிகை வீச்சையும் சிற்பத்திலே கல்லின் தன்மையையும் ஆராயும் நாம், நிழற்படத்தை மட்டும் உடலற்ற கருத்தாக நோக்குவது ஏன்? உடலைப் புறக்கணிக்கும் திறனாய்வு, அவ்வுடலை ஆக்கிய உழைப்பையும் புறக்கணித்துவிடுகின்றது.

கந்தையிலிருந்து பொத்தானை அறுத்த பெண்ணும், நூற்புப் பொறியின் முன் நின்ற சிறுமியும், தம் சிறு கடையில் விளக்கொளியிலே தாளைச் சாய்த்துத் துணுக்கைத் தேடும் அச்சகத்தாரும் ஒரே உழைப்புச் சங்கிலியின் கண்ணிகள். மாசற்ற மேற்பரப்பைக் காணும்போது அம்மாசை நீக்கியவர் யார் என்று கேட்கவும், மாசுள்ள மேற்பரப்பைக் காணும்போது அம்மாசு யாரால் வந்தது என்று கேட்கவும் நாம் பழகிக்கொள்வோம். நிழற்படத் திறனாய்வு தொடங்கவேண்டிய இடங்களுள் அதுவும் ஒன்று.